ரயில் கிராஸிங் கேட் சரியா வேலை செய்யல, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை ஸ்டேட்கிட்ட கேட்டா கிடைக்குமா?

எரிக்கரைக்காரி:

வணக்கம். நாங்க ஓஹையோ வடக்குல இருக்கோம். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற ரோட்டை ஒரு சரக்கு ரயில் லைன் குறுக்க வெட்டிட்டு போகுது, கேட், லைட், மணி எல்லாம் இருக்கு. ஆனா சில நாள் வண்டியே வராம கேட் இறங்கி அப்படியே கிடக்குது, பின்னாடி கார் சேர்ந்துக்கிட்டே போகுது, கொஞ்ச நேரத்துல யாராவது ஒருத்தர் பொறுமை போய் கேட்டை வளைச்சுக்கிட்டு தாண்டிடறாங்க, அவரைப் பாத்து அடுத்தவர். இதைவிட பயம் என்னன்னா வண்டி கிட்ட வந்தப்புறம்தான் ஒரு தடவை கேட் இறங்குச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, நான் பாக்கல, ஆனா அவங்க சும்மா சொல்ற ஆள் கிடையாது. இந்த லைன்ல வர்றதுல நிறைய கருப்பு டேங்கர். இதே ஓஹையோவுல ஈஸ்ட் பாலஸ்டைன் ஊர்ல 2023 ஃபிப்ரவரி 3 ராத்திரி கெமிக்கல் ஏத்தின வண்டி தடம் புரண்டதுக்கு அப்புறம் அந்த டேங்கரைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது.

சிட்டில கேட்டா கேட் ரயில் கம்பெனியோட சொத்து, எங்க கையில இல்லன்னுட்டாங்க. ஸ்டேட் ஆபீஸ்ல பேசினவர் மரியாதையாதான் பேசினார், ஆனா ரயில் சேஃப்டின்னா அது ஃபெடரல்ங்க, அப்படின்னு முடிச்சிட்டார். ரயில் கம்பெனிக்கு அடிச்சா மெஷின் பேசுது.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஸ்டேட்டுக்கு நிஜமாவே இதுல ஒரு அதிகாரமும் இல்லையா? யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் இந்த கேட்டை எப்பவாவது வந்து பாத்திருப்பார்ல, அந்த ரிப்போர்ட்டை நான் கேட்டா குடுப்பாங்களா, இல்ல அதுக்கு வக்கீல் வைக்கணுமா? எனக்கு கேஸ் போடற எண்ணமெல்லாம் இல்ல. கேட்டை யாராவது பாக்கறாங்களா இல்லையான்னு தெரிஞ்சா போதும்.

தண்டவாளன்:

சகோ, மிட்வெஸ்ட்ல ஒரு ஸ்டேட்டுக்கு கிராஸிங் ப்ராஜெக்ட்ல கன்சல்டன்டா வேலை பாத்தவன் நான், தெரிஞ்சதை சொல்றேன். ரெக்கார்டு கேக்கறது அப்புறம், முதல்ல கிராஸிங்ல ஒரு நீல போர்டு இருக்கும் பாருங்க, அதுல ஒரு எமர்ஜென்சி போன் நம்பரும், ஆறு இலக்கமும் ஒரு எழுத்தும் சேர்ந்த கிராஸிங் நம்பரும் இருக்கும். காரை ஓரமா நிறுத்திட்டு அதை போட்டோ எடுத்துக்கோங்க. கம்பெனியோட ஜெனரல் கஸ்டமர் லைனுக்குப் போனா மெஷின்தான் பேசும், இந்த நம்பர் அப்படி இல்ல, கேட் கோளாறு சொல்றதுக்குன்னே ஃபெடரல் விதிப்படி வச்சிருக்கிறது, நீங்க சொன்னா அவங்க அதை எழுதி வச்சாகணும், அந்த எழுத்தைக் குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும்.

கூடவே லோக்கல் போலீஸோட எமர்ஜென்சி அல்லாத நம்பருக்கும் சொல்லுங்க. ஏன்னா விதியில "நம்பத்தக்க புகார்"னு ஒண்ணு இருக்கு, ரயில்வே ஊழியர், போலீஸ், ஹைவே அதிகாரி, இல்ல டியூட்டில இருக்கிற வேற அரசு ஊழியர், இவங்கள்ல ஒருத்தர் குறிப்பிட்ட கிராஸிங்கைச் சொல்லி கோளாறுன்னு சொன்னாதான் அந்தக் கணக்குல வரும். கேட் இறங்கவே இல்லன்னு அப்படி ஒரு புகார் வந்துட்டா, சரி பண்ற வரைக்கும் கொடி பிடிக்க ஆள் நிக்கணும், இல்ல போலீஸ் நிக்கணும், ரெண்டும் இல்லன்னா வண்டி கிராஸிங்குக்கு முன்னாடி நின்னு ஆள் இறங்கி ரோட்டை மறிச்சுதான் தாண்டணும். ஒரு கான்ஸ்டபிள் வந்து பாத்து சொன்னா அவ்வளவு வேலை நடக்கும், நாம பத்து மெயில் போட்டாலும் நடக்காது.

நீங்க சொன்ன ரெண்டும் வேற வேற கோளாறு, இதைப் பிரிச்சு எழுதுங்க. வண்டி இல்லாம கேட் இறங்கறது பொய் எச்சரிக்கை. வண்டி வர்றதுக்கு குறைஞ்சது 20 செகண்ட் முன்னாடி எச்சரிக்கை வரலன்னா அது ஆக்டிவேஷன் ஃபெயிலியர், அதைக் கம்பெனி 15 நாளுக்குள்ள ஃபெடரல் ரயில்ரோட் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு, அதான் எஃப்ஆர்ஏ, 6180.83ங்கற ஃபார்ம்ல எழுதிக் குடுக்கணும். பொய் எச்சரிக்கைக்கு அப்படி ஃபார்ம் கிடையாது, ஆனா அதுதான் ஜனங்களைக் கேட்டை மதிக்காம பழக்குது, எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம்.

இப்ப ஸ்டேட் அதிகாரம். அந்த ஆபீசர் சொன்னது பாதி சரி. 1970ல வந்த ஃபெடரல் ரயில் சேஃப்டி சட்டத்தோட நோக்கம் நாடு பூரா ஒரே விதி இருக்கணும்ங்கறது. ஒரு விஷயத்துல ஃபெடரல் விதி வந்துட்டா ஸ்டேட் விதி ஒதுங்கிக்கணும், வராத வரைக்கும் ஸ்டேட் விதி போடலாம். ஃபெடரல் விதி இருந்தும் ஸ்டேட் அதைவிடக் கடுமையா போடணும்னா, அது அந்த ஊருக்கே உரிய ஆபத்தா இருக்கணும், ஃபெடரல் சட்டத்தோட முட்டக் கூடாது, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் நடக்கிற வியாபாரத்துக்கு தேவையில்லாத சுமை ஆகக் கூடாது. மூணும் சேர்ந்து நிக்கணும், கோர்ட்ல அது லேசுல நிக்கறதில்ல. வேகம் எடுத்துக்கோங்க, தண்டவாளத்தோட தரத்தை வச்சு ஃபெடரல் விதி கிளாஸ் பிரிச்சிருக்கு, கிளாஸ் 1ல சரக்கு வண்டி மணிக்கு 10 மைல், கிளாஸ் 4ல 60 மைல். 1993ல ஈஸ்டர்வுட் வழக்குல சுப்ரீம் கோர்ட், ஃபெடரல் வேகத்துக்குள்ள ஓடின வண்டியை ஸ்டேட் சட்டத்தை வச்சு "அதிக வேகம்"னு கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

ஆனா மிச்ச பாதியை அவர் உங்களுக்கு சொல்லல. இன்ஸ்பெக்‌ஷன்ல ஸ்டேட் இருக்கு. சுமார் முப்பது ஸ்டேட் எஃப்ஆர்ஏவோட சேர்ந்து சொந்த இன்ஸ்பெக்டர் வச்சிருக்கு, ஓஹையோவும் அதுல ஒண்ணு, உங்க பப்ளிக் யுடிலிடீஸ் கமிஷன், பியூக்கோன்னு சொல்வாங்கல்ல, அவங்ககிட்டதான் இருக்காங்க. தண்டவாளம், சிக்னல், பெட்டி எஞ்சின், ஓட்டும் முறை, ஆபத்தான சரக்குன்னு தனித்தனி ஆள். சம்பளம் ஸ்டேட் குடுக்குது, ஆனா அவர் பாக்கறது ஃபெடரல் விதி, எழுதறது ஃபெடரல் ஃபார்ம். மீறல் கண்டா எஃப்ஆர்ஏ வக்கீல்களுக்கு அனுப்புவார், ஃபைன் அங்கதான் முடிவாகும், அதுவும் பல மீறலை மொத்தமா சேர்த்து கம்பெனியோட பேசி முடிக்கறதுதான் வழக்கம். 60 நாளாகியும் ஃபெடரல் பக்கம் ஒண்ணும் நடக்கல, மீறலே இல்லன்னு எழுதியும் குடுக்கலன்னா, ஸ்டேட்டே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம்னு சட்டத்துல இடம் இருக்கு.

அதோட எந்த கிராஸிங்குக்கு கேட், லைட் வேணும், எதுக்கு ஃபெடரல் பணத்தை ஒதுக்கணும்னு உங்க ஊர்ல பியூக்கோவும் ஓஹையோ ரயில் டெவலப்மென்ட் கமிஷனும்தான் பாக்கறாங்க. அதனால "ஃபெடரல்ங்க"ன்னு சொல்லி அவங்க கதவை மூட முடியாது.

ஹூஸ்டன்வாசி:

இங்க டெக்சாஸ்ல இருந்து யாராவது படிச்சா ஒரே ஒரு தகவல், டெக்சாஸ் ரயில்ரோட் கமிஷன்னு பேர் இருக்கேன்னு அங்க மெயில் போட்டு நாளை வீணாக்காதீங்க, அவங்க இப்ப பாக்கறது எண்ணெய், கேஸ், பைப்லைன். ரயில் சேஃப்டி 2005லயே ஸ்டேட் டிரான்ஸ்போர்ட்டேஷன் டிபார்ட்மென்டுக்குப் போயிடுச்சு. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ஆபீஸ் மாறுது, இலினாய்ல காமர்ஸ் கமிஷன், பென்சில்வேனியால பப்ளிக் யுடிலிட்டி கமிஷன். தப்பான ஆபீஸுக்கு எழுதினா "எங்ககிட்ட ரெக்கார்டு இல்ல"ன்னு ஒரு வரி வரும், நாம ரெக்கார்டே இல்லன்னு நினைச்சிடுவோம்.

சாக்ரமெண்டோ சித்தப்பா:

தண்டவாளன் தம்பி சட்டத்தை நல்லா சொல்லிட்டார், நான் ரெக்கார்டு பக்கம் வரேன், இதுல எனக்கு கோபம் ஜாஸ்தி.

எங்க கலிஃபோர்னியால ஸ்டேட் எவ்வளவு முயற்சி பண்ணிச்சுன்னு முதல்ல பாருங்க. 1991 ஜூலை 14 ராத்திரி, டன்ஸ்முயர் ஊருக்கு மேல கான்டாரா வளைவுல சதர்ன் பசிஃபிக் வண்டி தடம் புரண்டு, சுமார் 19,000 கேலன் மெட்டாம் சோடியம்ங்கற களைக்கொல்லி சாக்ரமெண்டோ ஆத்துக்குள்ள போச்சு, கிட்டத்தட்ட 40 மைல் தூரத்துக்கு மீன் முதக்கொண்டு எல்லாம் செத்துச்சு. மலை, செங்குத்தான சரிவு, கூரான வளைவு, கீழயே ஆறு, ஊருக்கே உரிய ஆபத்துன்னா இதைவிட வேற எதைக் காட்டறது? ஸ்டேட் கமிஷன் இந்த மாதிரி இடங்களைக் கணக்கெடுத்து தனி விதி போட்டுச்சு. ரயில் கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு, 2003ல ஒன்பதாவது சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் அந்த விதிகள்ல பெரும்பாலானதை அடிச்சிருச்சு. செங்குத்தான சரிவும் கூரான வளைவும் நாட்டுல வேற இடத்துலயும் இருக்கு, அதனால இது "உள்ளூர்" ஆபத்து இல்லங்கற மாதிரி போச்சு வாதம். அப்படிப் பாத்தா எந்த இடம்தான் உள்ளூர்? நான் வக்கீல் இல்ல, ஆனா அந்த ஆத்துக்கரையில இருக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

சரி விதி போட முடியாது, தகவலாவது குடுக்கலாம்ல? இங்க பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டம் நல்ல சட்டம், 10 நாளுக்குள்ள இருக்கா இல்லையா குடுப்பமா மாட்டோமான்னு சொல்லணும். ஆனா பப்ளிக் யுடிலிடீஸ் கோடுல 583ன்னு ஒரு பிரிவு, கம்பெனி கமிஷனுக்குக் குடுக்கிற தகவலை கமிஷன் உத்தரவு போட்டாலொழிய வெளிய விடக் கூடாதுன்னு. பல வருஷம் இதைக் காட்டியே கதவை மூடி வச்சிருந்தாங்க. 2010ல சான் புரூனோவுல கேஸ் பைப் வெடிச்சு 8 பேர் செத்தப்புறம்தான் இவ்வளவு ரகசியம் எதுக்குன்னு கேள்வி பலமா எழுந்துச்சு, அப்புறம் விதியைத் திருத்தினாங்க, இப்ப ஜெனரல் ஆர்டர் 66-டின்னு ஒண்ணு இருக்கு, ரகசியம்னு சொல்ற கம்பெனி ஏன் ரகசியம்னு காரணம் காட்டணும். பைப்லைன்ல ஆள் செத்ததால ரயில் ரெக்கார்டுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு.

இன்னொண்ணு 2014. லாக்-மெகாண்டிக்ல, கனடால, 2013 ஜூலைல பாக்கன்ங்கற வட டகோட்டா எண்ணெய் வயலோட கச்சா எண்ணெய் ஏத்தின வண்டி ஆளில்லாம உருண்டு வந்து ஊருக்குள்ள வெடிச்சு 47 பேர் போனாங்க. அதுக்கு அடுத்த வருஷம் மே மாசம் அமெரிக்க டிரான்ஸ்போர்ட்டேஷன் டிபார்ட்மென்ட் ஒரு அவசர உத்தரவு போட்டுச்சு, பத்து லட்சம் கேலனுக்கு மேல பாக்கன் எண்ணெய் ஏத்தின வண்டி எந்தக் கவுண்டி வழியா வாரத்துக்கு எத்தனை போகுதுன்னு ஸ்டேட் எமர்ஜென்சி கமிஷனுக்கு கம்பெனி சொல்லணும்னு. கம்பெனிங்க என்ன பண்ணாங்க, ரகசியம் காப்போம்னு கையெழுத்துப் போடுங்கன்னு ஸ்டேட்டுங்களுக்குப் பேப்பர் நீட்டினாங்க. சிலது போட்டுச்சு. வாஷிங்டன் ஸ்டேட் எங்க ரெக்கார்டு சட்டம் இதுக்கு இடம் குடுக்கலன்னு சொல்லி வெளியிட்டுச்சு. மேரிலாந்துல வெளியிடக் கூடாதுன்னு ரெண்டு பெரிய கம்பெனி கேஸ் போட்டு, 2015ல நீதிபதி ஸ்டேட் பக்கம்தான் தீர்ப்பு குடுத்தார். அந்த விவரம் ஃபெடரல் சட்டப்படி பாதுகாப்பு ரகசியமே இல்லன்னு ஃபெடரல் டிபார்ட்மென்டே சொல்லியிருந்துச்சு.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, விதி போடற விஷயத்துல ஸ்டேட் தோத்துக்கிட்டே வருது, ரெக்கார்டு விஷயத்துல பல இடத்துல ஜெயிச்சிருக்கு. ஸ்டேட்டோட ரெக்கார்டு சட்டம் ஸ்டேட்டோடது, 1970 சட்டம் ரயில் சேஃப்டி விதியைத்தான் பேசுது, ஸ்டேட் ஆபீஸ் பீரோவுல இருக்கிற பேப்பரைப் பத்தி ஒண்ணும் பேசல. அதனால சகோதரி, தைரியமா கேளுங்க.

நெருப்பணி:

பென்சில்வேனியால வாலண்டியர் ஃபயர் கம்பெனில இருக்கேன். சித்தப்பா சொல்றதுல எனக்கு ஒரு உடன்பாடின்மை இருக்கு, சொல்லிடறேன். எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விடணும்னு சொல்றது எங்க வேலையில இருந்து பாத்தா பயமா இருக்கு. 2005 ஜனவரில சவுத் கரோலினா கிரானிட்வில்ல, தண்டவாளத்தைக் கையால மாத்தி விடற ஒரு ஸ்விட்சைத் திருப்பி வைக்காம விட்டதுல ரெண்டு வண்டி மோதி குளோரின் வெளிய வந்துச்சு, 9 பேர் போனாங்க. குளோரின் டேங்கர் எந்த ரூட்ல எப்ப போகுதுன்னு இணையத்துல போடற மாதிரி ஆகிட்டா, கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு நாமே மேப் போட்டுக் குடுத்த மாதிரி. ரூட் ஆய்வையெல்லாம் பாதுகாப்புத் தகவல்னு ஃபெடரல் விதி பூட்டி வச்சிருக்கறதுக்கு நியாயம் இருக்கு.

எங்களுக்கு வேண்டியது வேற. வண்டி கவுந்தா எந்தப் பெட்டில என்ன இருக்குன்னு அந்த நிமிஷம் தெரியணும். ஈஸ்ட் பாலஸ்டைன்ல முதல்ல போனவங்களுக்கு அந்தத் தகவல் லேட்டா கிடைச்சுச்சுன்னு தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம், அதான் என்டிஎஸ்பி, விசாரணைல வந்துச்சு. 2024 ஜூன்ல புது ஃபெடரல் விதி வந்திருக்கு, வண்டில என்ன சரக்கு எந்தப் பெட்டிலன்னு எலக்ட்ரானிக்கா வச்சிருந்து மீட்புக்காரங்களுக்கு உடனே குடுக்கணும்னு. நான் கேக்கறது அவ்வளவுதான்.

சாக்ரமெண்டோ சித்தப்பா:

தம்பி, குளோரின் நேரம் காலம் பத்தி நீங்க சொல்றதை நான் ஒத்துக்கறேன், அதை யாரும் கேக்கல. இந்தம்மா கேக்கறது கேட் மெஷின் பழுதைப் பத்தி, தண்டவாளத்துல கட்டை இத்துப் போச்சா போல்ட் இருக்கான்னு இன்ஸ்பெக்டர் எழுதினதைப் பத்தி. இத்துப் போன கட்டையை வச்சு எந்தத் தீவிரவாதி என்ன பண்ணப் போறான்? ரெண்டையும் ஒரே பூட்டுக்குள்ள போட்டு "பாதுகாப்பு"ன்னு சொல்றதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நீங்க சொன்ன ஈஸ்ட் பாலஸ்டைனையே எடுங்க, சக்கரத்துல சூடான பேரிங், தண்டவாளத்தோரம் சூட்டை அளக்கிற மூணு டிடெக்டர் தாண்டி வந்துச்சு, வெளி வெப்பத்தைவிட 38, அப்புறம் 103, கடைசியா 253 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம். கடைசி ரெண்டு டிடெக்டருக்கு இடையில சுமார் 20 மைல். கடைசி டிடெக்டர்ல அலாரம் அடிச்சு வண்டியை நிறுத்தறதுக்குள்ள 38 பெட்டி தடம் புரண்டாச்சு. எவ்வளவு மைலுக்கு ஒரு டிடெக்டர், எத்தனை டிகிரில நிறுத்தணும், எதுக்கும் ஃபெடரல் விதி கிடையாது, கம்பெனி தானே வச்சுக்கிட்ட அளவு. இந்த நம்பரெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? என்டிஎஸ்பி அத்தனை பேப்பரையும் டாக்கெட்ல, அதாவது விசாரணை ஃபைல்ல, திறந்து போட்டதால. விபத்துக்கு அப்புறம் யாரும் எதையும் மறைக்காம போடறாங்க, விபத்துக்கு முன்னாடி இருக்கிற பேப்பருக்குத்தான் இவ்வளவு போராட்டம்.

நெருப்பணி:

அது சரி சித்தப்பா, பழுது ரெக்கார்டுல எனக்கு மறுப்பு இல்ல. எங்க ஏரியா கிராஸிங்குக்கு நானே கேக்கலாம்னு தோணுது இப்ப.

எரிக்கரைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு இருக்கும்னு நினைக்கவே இல்ல. நீல போர்டை போட்டோ எடுத்தாச்சு, போலீஸ்லயும் சொல்லியாச்சு, அடுத்த தடவை கேட் மாட்டிக்கிட்டா உடனே கூப்பிடுங்க ஆள் அனுப்பறோம்னாங்க. இப்ப லெட்டர்ல என்னன்னு எழுதறது? "இந்த கிராஸிங் பத்தின எல்லா ரெக்கார்டும் குடுங்க"ன்னு எழுதினா போதுமா? அப்புறம் இன்னொரு கேள்வி, சில நாள் வண்டி கிராஸிங் மேலயே அரை மணி நேரம் நிக்குது, அதுக்கு ஓஹையோல அஞ்சு நிமிஷம்னு சட்டம் இருக்குன்னு கேள்விப்பட்டேனே?

தண்டவாளன்:

கடைசிக் கேள்விக்கு முதல்ல. அஞ்சு நிமிஷ சட்டம் ஓஹையோ புத்தகத்துல இருந்துச்சு, 2018ல யூனியன் கவுண்டில அதை வச்சு ஒரு கம்பெனி மேல கேஸ் போட்டாங்க, 2022ல உங்க ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டே ஃபெடரல் சட்டத்துக்கு முன்னாடி அது செல்லாதுன்னுடுச்சு, ஓஹையோ மேல போய்ப் பாத்துச்சு, 2024 ஜனவரில அமெரிக்க சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கல. கொடுமை என்னன்னா எவ்வளவு நேரம் நிக்கலாம்னு ஃபெடரல் விதியும் இல்ல. ஸ்டேட் போடக் கூடாது, ஃபெடரல் போடல, நடுவுல ஆம்புலன்ஸ் நிக்குது. எஃப்ஆர்ஏ சைட்ல பிளாக்டு கிராஸிங் புகார் போர்டல் இருக்கு, அதுல போட்டா வண்டி நகராது, ஆனா போடுங்க, பாராளுமன்றத்துல யாராவது கேள்வி கேக்கணும்னா அந்த டேட்டாதான் இருக்கு.

இப்ப லெட்டர். "எல்லா ரெக்கார்டும்"னு எழுதாதீங்க, ரொம்ப விரிவா இருக்கு, சுருக்கிக் கேளுங்கன்னு திருப்பிடுவாங்க. கிராஸிங் நம்பர் போட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்னு போட்டு, பொருளைப் பேர் சொல்லிக் கேளுங்க. பியூக்கோகிட்ட அந்த கிராஸிங்குக்கும் ரெண்டு பக்கமும் சில மைலுக்கும் ஸ்டேட் இன்ஸ்பெக்டர் எழுதின இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், அந்த ஃபார்ம் 6180.96, அப்புறம் பொதுமக்கள் குடுத்த புகாரும் அதுக்கு என்ன பண்ணாங்கங்கற குறிப்பும். ஓஹையோ ரயில் டெவலப்மென்ட் கமிஷன்கிட்ட அந்த கிராஸிங்கைக் கேட், லைட் மேம்பாட்டுக்கு எடுத்தாங்களா, வரிசையில எங்க இருக்குங்கற பேப்பர். எஃப்ஆர்ஏகிட்ட ஃபோயால, அதான் ஃபெடரல் தகவல் அறியும் சட்டத்துல, 6180.83 ரிப்போர்ட்டும், அதே 6180.96ம். ஒரே பேப்பரை ரெண்டு வாசல்லயும் கேக்கணும், ஏன்னா ஸ்டேட் "அது ஃபெடரல் ரெக்கார்டு"ம்பாங்க, ஃபெடரல் "ஸ்டேட் ஆள் எழுதினது"ம்பாங்க, ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல இருந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ள முடியாது.

லெட்டர் போடறதுக்கு முன்னாடி எஃப்ஆர்ஏ சேஃப்டி டேட்டா சைட்ல அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, என்ன வேகம், முன்னாடி அங்க விபத்து நடந்திருக்கான்னு யாரையும் கேக்காமலேயே வரும். விபத்து இருந்தா 6180.57 ரிப்போர்ட்டே இருக்கும்.

இன்னொரு விஷயம், இது தெரியாமதான் நிறைய பேர் சோர்ந்து போறாங்க. கேட்டை மாசாமாசம் டெஸ்ட் பண்ணி எழுதணும்னு ஃபெடரல் விதி, அதை எழுதறது கம்பெனி, வச்சிருக்கிறதும் கம்பெனி. இன்ஸ்பெக்டர் வந்தா எடுத்துக் காட்டணும், அவ்வளவுதான். தண்டவாள இன்ஸ்பெக்‌ஷன் நோட்டும் அப்படியே. அவர் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து பாத்துட்டு வந்துட்டா அது அரசாங்க ரெக்கார்டு ஆகல, பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டம் அதைத் தொடாது. காப்பி எடுத்துட்டு வந்திருந்தா தொடும். அதனால "இன்ஸ்பெக்டர் கம்பெனிகிட்ட இருந்து வாங்கின டெஸ்ட் ரெக்கார்டு நகல் ஏதாவது இருந்தா அதுவும்"னு ஒரு வரி சேருங்க. ஸ்டேட்டுங்க உருப்படியா ஒண்ணு பண்ணணும்னா, புகார் வந்த இடத்துல எல்லாம் நகல் எடுத்து ஃபைல்ல வைன்னு தங்களோட இன்ஸ்பெக்டருக்கு சொல்லலாம். இதுக்கு புது ரயில் விதி வேண்டாம், சொந்த ஆளுக்கு ஒரு ஆபீஸ் ஆர்டர் போதும், எந்தக் கம்பெனியும் இதுக்கு கோர்ட்டுக்குப் போக வழி இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. இது ஏன் எல்லா ஊர்லயும் நடக்கலங்கறதுதான் என் ஆதங்கம்.

மறுப்பு வந்தா எந்தச் சட்டத்தைக் காட்டறாங்கன்னு பாருங்க. ஃபெடரல் ஹைவே சட்டத்துல 409ன்னு ஒரு பிரிவு, கிராஸிங் மேம்பாட்டுக்காக சேர்த்த ஆபத்து டேட்டாவை நஷ்டஈடு கேஸ்ல சாட்சியமா கொண்டு வரக் கூடாது, கேஸ்ல கேட்டு வாங்கவும் கூடாதுன்னு சொல்லுது, 2003ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. சில ஆபீஸ் இதைக் காட்டி கேஸே போடாத ஆளுக்கும் குடுக்க மாட்டேம்பாங்க. நீங்க கேஸ் போடல, பிள்ளைங்க போற ரோட்டைக் கேக்கறீங்க, அதை மரியாதையா எழுதித் திருப்பிக் கேளுங்க.

எரிக்கரைக்காரி:

தெளிவா இருக்குங்க அண்ணா. இது எதுக்குன்னு காரணம் எழுதணுமா? என் பேர், அட்ரஸ் எல்லாம் குடுக்கணுமா, பக்கத்து வீட்டு அக்கா அவங்க பேர் வரக் கூடாதுன்னு பயப்படறாங்க. எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும்?

தண்டவாளன்:

ஓஹையோ சட்டப்படி நீங்க யாருன்னும் சொல்ல வேண்டாம், எதுக்குன்னும் சொல்ல வேண்டாம், எழுத்துல குடுங்கன்னு கட்டாயப்படுத்தவும் முடியாது, ஆனா பின்னாடி காட்டறதுக்கு ஆதாரம் வேணும், அதனால மெயில்லயே கேளுங்க. பேர் இல்லாத ஒரு மெயில் ஐடி போதும். அக்காவை இழுக்கவே வேண்டாம். இத்தனை நாளுக்குள்ளன்னு அங்க கணக்கு இல்ல, "நியாயமான காலத்துக்குள்ள"ன்னு மட்டும் இருக்கு, அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேதி போட்டு நினைவூட்டுங்க. மறுத்தா எந்தச் சட்டப்படின்னு சொல்லியாகணும். அதுவும் நடக்கலன்னா கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ்ல 25 டாலர் கட்டி வக்கீல் இல்லாமலேயே புகார் குடுக்கலாம், முதல்ல சமரசம் பேச வைப்பாங்க, பல விஷயம் அங்கயே முடிஞ்சிடும்.

எஃப்ஆர்ஏ பக்கம் மட்டும் பேர், முகவரி வேணும், பதில் அனுப்பணும்ல. ஃபோயால 20 வேலை நாள்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில இழுக்கும், வர்ற டிராக்கிங் நம்பரைப் பத்திரமா வைங்க. உங்களை மாதிரி தனி ஆளுக்கு முதல் ரெண்டு மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கமும் இலவசம், அதுக்கு மேல செலவு வந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்கன்னு லெட்டரோட கடைசியில ஒரு வரி எழுதிடுங்க.